குளத்திலும் ஆற்றிலும் தூண்டில் போட எந்த இரை, அதை எங்கே எடுப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நகரத்தில் வளர்ந்தவர், வேலை மாற்றலில் தஞ்சாவூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்கள். விடுமுறை நாளில் வெண்ணாற்றிலும் ஊர்க்குளத்திலும் தூண்டில் போடுகிறீர்கள். ஆன்லைனில் வாங்கிய வாசனைப் பொடியைப் பிசைந்து போட்டால் தக்கை அசைய மாட்டேன் என்கிறது. பத்தடி தள்ளி மூங்கில் கழியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரோ மண்புழுவில் ஒன்று மாற்றி ஒன்றாக இழுத்துப் போடுகிறார். ‘நன்னீர் மீனுக்குச் சிறந்த இரை எது, அதை எங்கே எடுப்பது?’ என்பது உங்கள் கேள்வி. முதல் பாதிக்குப் பதில் கிடையாது. எல்லா மீனுக்கும் பொதுவாகச் சிறந்தது என்று ஓர் இரை இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்தத் தண்ணீரில் அந்த நேரத்தில் என்ன மீன் மேய்கிறது, அது எதைத் தேடி வருகிறது என்பதுதான். அது தெரிந்துவிட்டால் இரண்டாவது பாதிக்கு விடை பெரும்பாலும் காலடியிலேயே கிடக்கும்.

நான் மீன்வளம் படித்து, டெல்டாவில் மீன்பண்ணைகளிலும் குளத்து மீன்வளர்ப்பிலும் வேலை பார்த்தவன். படிக்கப் போவதற்கு முன்பே தூண்டில் பழக்கம் உண்டு. கொள்ளிடம், வெண்ணாறு, புது ஆறு, இவற்றின் பாசனக் குளங்கள் என்றால் தைரியமாகச் சொல்வேன். நீலகிரி ஓடைகளின் ட்ரவுட்டுக்கோ, முகத்துவாரத்தில் ஏறி இறங்கும் கொடுவாவுக்கோ இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு கணக்கு.

முதலில் மீனின் வாயைப் பார்க்கப் பழகுங்கள். மீன் மாட்டாவிட்டாலும் பரவாயில்லை, மீன் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் போதும். கட்லாவுக்குக் கீழ்த்தாடை தூக்கி, வாய் மேல்பார்வையாக இருக்கும். மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன் அது. ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கியது; நடுத்தண்ணீரில் மேயும், தண்டிலும் கல்லிலும் ஒட்டிய பாசியைச் சுரண்டும். மிர்கால் தரையில் சேற்றைக் கிளறும். இந்த மூன்றும் காவிரிக்குச் சொந்த மீன்கள் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து இருப்புச் செய்தவை. ஆனால் இன்று குத்தகைக் குளம் என்றால் இவைதான். ஒரே மாவு உருண்டையை வைத்துக்கொண்டு தக்கையை மட்டும் ஏற்றி இறக்கி மூன்றையும் பிடிக்கலாம். அதே உருண்டையைக் கட்லா மேயும் குளத்தில் தரையில் கிடத்தினால் பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ‘இந்த இரை உதவாது’ என்று பலர் முடிவு கட்டுவது இப்படித்தான். உதவாமல் போனது பெரும்பாலும் இரை கிடந்த ஆழம்.

ஜிலேபி மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது ஊரணி, கோயில் குளம், சாக்கடை கலக்கும் குட்டை என்று அது இல்லாத தண்ணீரே கிடையாது. பாசி முதல் புழு வரை எதையும் தின்னும், வாய்தான் சிறியது. பெரிய தூண்டில் முள்ளில் பெரிய உருண்டையைக் குத்தினால் ஓரத்தைக் கொத்திக் கொத்தித் தின்றுவிட்டு முள்ளை உங்களுக்கே விட்டுவிட்டுப் போகும். 10 அல்லது 12-ம் எண் முள், துவரம்பருப்பு அளவு இரை, அவ்வளவு போதும். (இந்த எண்களில் எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே வரும், வாங்கும்போது கவனம்.) புதிதாகப் பழகுகிறவருக்கு ஜிலேபிதான் நல்ல வாத்தியார்.

அப்புறம் மோப்பம். கெளுத்தி, தேளி, வாளை வகைகளுக்கு மீசை எதற்கு என்றால், சுவை பார்க்கத்தான். நமக்கு நாக்கில் இருக்கிற சுவை மொட்டுகள் இவற்றுக்கு மீசையிலும் உதட்டிலும் உடம்புத் தோலிலும்கூடப் பரவிக் கிடக்கின்றன. கலங்கிய தண்ணீரில் கண் தெரியாமலே இரையிடம் வந்து சேர்வது அப்படித்தான். கெண்டை இனம் இரையை முதலில் உறிஞ்சி, வாய்க்குள் பரிசோதித்து, பிடிக்காததைத் துப்பிவிடும். தக்கை இரண்டு முறை லேசாகத் துள்ளிவிட்டு அப்படியே நின்றுபோனால், பெரும்பாலும் நடந்தது அந்த உறிஞ்சலும் துப்பலும்தான். இதில் உறுதியான விஷயம் ஒன்று உண்டு: மீன்கள் உணர்வது தண்ணீரில் கரையும் பொருட்களை, அதிலும் முக்கியமாக அமினோ அமிலங்களை. புழுவின் உடற்சாறு, இறாலின் சாறு, ஊறிப் புளித்த பிண்ணாக்கு இவற்றிலெல்லாம் அவை தாராளம். எண்ணெயில் கலந்த வாசனை அப்படித் தண்ணீரில் கரைவதில்லை. பாக்கெட்டைப் பிரித்ததும் நம் மூக்கில் ஏறுகிற ஸ்ட்ராபெரி மணத்துக்கு மீனிடம் மதிப்பு இருந்தே தீரும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. அந்த மணம் வாங்குபவருக்குப் போட்டது.

பெரியவரின் மண்புழு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. சாறு கசிகிறது, நெளிகிறது, மென்மையாக இருக்கிறது. மீதிப் பாதி, அது அந்தக் கரைக்குப் பழக்கமான இரை. மழைத்தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும்போதெல்லாம் கூடவே புழுவும் இறங்குகிறது. கெளுத்தி, குரவை, ஆரால், உளுவை, ஜிலேபி, பனையேறிக் கெண்டை, சின்னக் கெண்டைப் பொடி எல்லாமே மண்புழுவை எடுக்கும். ஆராலுக்கு இதை விட்டால் வேறு இரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாலை மங்கியபின் தரையோடு கிடத்த வேண்டும். கட்லாவும் புல்கெண்டையும் இதைச் சட்டை செய்வது அபூர்வம்.

எங்கே எடுப்பது? ஈரம், நிழல், மக்கல் மூன்றும் சேரும் இடத்தில். வாழைக்கொல்லையில் விழுந்து அழுகும் பட்டையைப் புரட்டுங்கள். மாட்டுக்கொட்டகைக் கழிவுநீர் ஓடும் வழி, எருக்குழியின் ஓரம் (நடுவில் சூடு, அங்கே இருக்காது), கிணற்றடியில் துவைக்கிற தண்ணீர் பாயாத பக்கம், தென்னை மரத்தைச் சுற்றிய பாத்தி, வாய்க்கால் கரையில் கோரை முளைத்த இடம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். தரையில் குட்டிக் குட்டி மண் உருண்டைகளாகக் குவிந்திருந்தால், அது புழுவின் எச்சம், அடியில் ஆள் இருக்கிறது. மண்வெட்டியை ஓங்கிக் கொத்தினால் பாதிப் புழுவாக வரும். களைக்கொட்டாலோ முள்கரண்டியாலோ ஒரு சாண் ஆழத்துக்குப் புரட்டி, கட்டியைக் கையால் உடைத்து எடுங்கள். மண்ணில் புழுக்களைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள் கடுகுப்பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி அவற்றை மேலே வரவழைப்பார்கள். கடுகின் காரம் தோலில் எரிய, தானாக வெளியே வந்துவிடும். அப்படி எடுத்தால் நல்ல தண்ணீரில் உடனே அலசிவிட வேண்டும். எடுக்கக் கூடாத இடமும் உண்டு: குருணை மருந்தோ களைக்கொல்லியோ போட்ட வயல். அங்கே புழுவே குறைவாக இருக்கும், இருப்பதும் சோர்ந்திருக்கும். கொட்டகை ஓரத்து ஈரமண்ணில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். மட்டையைப் புரட்டும்போது முதலில் குச்சி, பிறகு கை. தேளும் அதே நிழலைத்தான் விரும்புகிறது.

மண்புழு உரம் போடுகிறவர்களிடம் கேட்டாலும் ஒரு கைப்பிடி தருவார்கள். அதில் இரண்டு சாதிகளைக் கவனியுங்கள். ஆப்பிரிக்க மண்புழு என்று சொல்லும் யூட்ரிலஸ் நீளமாக, ஊதா மின்னும். முள்ளில் நன்றாக நிற்கும். இன்னொன்று ஐசீனியா, சிவப்புப் புழு. அதைத் தொட்டால் மஞ்சளாக ஒரு நாற்றத் திரவம் விடும். அந்த நாற்றத்தால் மீன் ஒதுங்கும் என்று சிலர் சொல்வார்கள், அதிலேயே கெளுத்தி பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை நான் சந்தேகத்துக்குரியதில்தான் வைப்பேன். சந்தேகமே இல்லாதது, யூட்ரிலஸ் வெப்பநாட்டுப் புழு, ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துப்போகும். வீடியோக்களில் புழு டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வது குளிர்நாட்டுப் புழுவுக்கு. நம் புழுவுக்கு ஒரு மண்சட்டி, எடுத்த இடத்து மண்ணே பாதி, நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு பாதி, மேலே ஒரு ஈரச் சாக்கு, நிழல் போதும். புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தாலும் சாகும், மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் மூச்சு முட்டியும் சாகும். ஒன்று செத்து அழுகினால் மற்றவையும் பின்னாலேயே போகும், தினமும் ஒருமுறை கிளறிப் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள்.

முள்ளில் கோக்கும் விதத்தில் பெரியவரைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் காய்ந்த மண்ணைத் தூவிக்கொண்டு புழுவை அதில் உருட்டுவார், வழுக்காமல் இருக்க. தலைப்பக்கம் தடித்த வளையத்துக்குச் சற்றுக் கீழே முள்முனையை ஏற்றி, காலுறை மாட்டுவதுபோல் புழுவை முள்ளின் வளைவு முழுக்கத் தள்ளி, தூண்டில் நரம்பு கட்டிய முடிச்சையும் மூடிவிட்டு, வாலை மட்டும் அரை அங்குலம் தொங்க விடுவார். அந்த வால் நெளிவதுதான் அழைப்பு. வாலை இரண்டு அங்குலம் தொங்கவிட்டால் கெண்டைப்பொடி அதை மட்டும் கடித்துக்கொண்டு ஓடும். கெளுத்திக்கு 6 அல்லது 8-ம் எண் முள்ளில் இரண்டு மூன்று புழுவைக் கொத்தாகக் கோக்கலாம். புழு வெளுத்துத் தொய்ந்தால் சாறு போய்விட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். இரையைச் சிக்கனம் பிடிப்பவர் மீனையும் சிக்கனமாகத்தான் பிடிப்பார்.

கெண்டை இனத்துக்கு மாவு. வீட்டிலேயே செய்யலாம், நான் சொல்லும் அளவு கண்ணளவுதான். மைதா இரண்டு பங்கு, பொடித்த கடலைப் பிண்ணாக்கு ஒரு பங்கு, வெறும் வாணலியில் மணம் வர வறுத்த அரிசித் தவிடு ஒரு பங்கு. பிண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறவைத்தால் இன்னும் நல்லது; லேசாகப் புளிக்கும்போதுதான் மேலே சொன்ன கரையும் பொருட்கள் கூடுகின்றன. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். மைதாவில் குளூட்டன் இருப்பதால் இழுவை வரும். அரிசி மாவில் அது இல்லாததால் தண்ணீரில் உதிர்ந்துவிடும். ஓடும் ஆற்றுக்கு என்றால் பிசையும்போது கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்ப்பார்கள், அது உருண்டையைக் கட்டி நிறுத்தும். செய்து முடித்ததும் ஒரு உருண்டையைத் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் கரைந்தால் மைதா போதாது. அரைமணி நேரமாகியும் கோலிக்குண்டாக அப்படியே கிடந்தால் சாறு வெளியே வரவில்லை, தவிடு சேர்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் மேற்பரப்பு மெதுவாகப் புகைந்து கரையத் தொடங்க வேண்டும், உள்ளே கரு நிற்க வேண்டும். வாங்கிய பொடியையும் இந்தத் தம்ளர் சோதனைக்கு உட்படுத்துங்கள். தக்கை அசையாமல் இருந்த நேரமெல்லாம் உங்கள் முள் வெறுமையாகவே கிடந்திருக்கலாம்.

கடினமான இரைக்கும் ஒரு இடம் உண்டு. காவிரியின் மேல்பகுதியில் மகசீர் என்ற பெரிய கெண்டை இன மீனுக்குக் கேழ்வரகு மாவை வேகவைத்து எலுமிச்சை அளவு இறுக்கமாக உருட்டிப் போடுவது வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பேர்போன முறை. அவ்வளவு பெரிய, கெட்டியான உருண்டையைச் சின்ன மீன்கள் கொத்தித் தீர்க்க முடியாது, பெரிய வாய்க்காக அது காத்திருக்கும். இந்தத் தத்துவம் குளத்துக்கும் பொருந்தும். பொடி மீன் தொல்லை தாங்கவில்லையென்றால் மாவை ஆவியில் அவித்து இறுக்கிப் பாருங்கள். ஆனால் அந்த மகசீரைத் தேடிப் போக வேண்டாம். முதுகு உயர்ந்த காவிரி மகசீர் 2018-லிருந்து ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனம். தப்பித்தவறி மாட்டினால் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டிய மீன்.

தூண்டில் போடும் இடத்தில் முன்கூட்டி இரை தூவுவது பற்றியும் கேட்பீர்கள். ஊறிய பிண்ணாக்கு, தவிடு, கரை மண் மூன்றையும் பிசைந்து ஆரஞ்சு அளவு உருண்டைகளாக நாலைந்து ஒரே இடத்தில் போட்டு அரைமணி விட்டுப் போடலாம். கெண்டைக்கு இது நிச்சயம் உதவும். அளவு மீறக் கூடாது. தின்னாமல் மிஞ்சும் பிண்ணாக்கு அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். கோடையில் வற்றிய, பச்சைப் பாசி படர்ந்த குளத்தில் விடிகாலையில்தான் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோகும். இரவு முழுக்கப் பாசியும் சுவாசிக்குமே தவிர உற்பத்தி செய்யாது. அந்த நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, ‘ஆஹா, மேய்கிறது’ என்று இரையை வீசாதீர்கள். அது மூச்சுத் திணறல். எந்த இரையையும் தொடாது. வெயில் ஏறும்வரை காத்திருங்கள். தண்ணீர் மோசமாக இருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய உதவி.

விரால் தனி ரகம். காற்றைச் சுவாசிக்கும் மீன், பாசி மறைவில் நின்று கண்ணால் பார்த்துப் பாயும். ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் இடையே உள்ள வெற்றுத் தண்ணீரில் அது வந்து ஒரு மிடறு காற்றெடுத்துப் போகும் சத்தம் கேட்கும். அதற்கு அசையும் இரை வேண்டும். சேற்றில் புதைந்த புழுவை அது பார்க்கவே போவதில்லை. பழைய ஆட்கள் தவளைக்குஞ்சைக் கோத்துப் போடுவார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சிகளைத் தின்று வயலைக் காக்கிற உயிர் என்பதால்தான் தவளைக்கால் ஏற்றுமதியை அரசு 1987-ல் நிறுத்தியது. ரப்பர் தவளை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இலை மேல் போட்டு, தத்தித் தத்தி இழுத்து, வெற்றுத் தண்ணீரில் விழவிட்டால் விரால் அதையே அடிக்கும். உயிர் இரைதான் வேண்டும் என்றால் பிள்ளைப்பூச்சி, பெரிய வெட்டுக்கிளி, விரல் நீளக் கெண்டை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் ஒன்று மேலே கொதித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் அங்கே போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் தாக்கும், எளிதாக மாட்டும். மாட்டியபின் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் சீக்கிரமே முடித்துவிடும்.

பிள்ளைப்பூச்சி பிடிப்பது ஒரு கலை. நாற்றங்கால் வரப்பிலும் குளத்தின் ஈரக்கரையிலும் மண்ணுக்கு வெகு அருகில் சுரங்கம் போட்டிருக்கும். மேலே விரல் தடிமனுக்கு மண் லேசாகப் புடைத்து, வளைந்து வளைந்து போகும் கோடு தெரியும். கோட்டின் புதிய, ஈரமான முனையைக் கண்டு அதில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். துளை நிறைந்ததும் முன்கால்களால் துழாவிக்கொண்டு வெளியே வரும். அந்த முன்கால்கள் மண்வெட்டி மாதிரி, விரலை நெருடும், கடிக்கிறது என்று பதறி விட்டுவிடாதீர்கள். கழுத்தின் கெட்டியான ஓட்டுக்கு அடியில் முள்ளை ஏற்றினால் நெடுநேரம் உயிரோடு நீந்தும். வெட்டுக்கிளிக்கு விடிகாலைதான் நேரம். பனியில் உடம்பு விறைத்து, வரப்புப் புல்லில் அசையாமல் இருக்கும், பறிப்பதுபோல் எடுக்கலாம். வெயில் வந்துவிட்டால் துரத்தித்தான் பிடிக்க வேண்டும்.

சின்ன மீன் பிடிக்க இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே திருப்பிச் செருகி, சுற்றிலும் துளையிட்டு, உள்ளே ஒரு பிடி பழைய சோறும் தவிடும் போட்டு, கயிறு கட்டிக் கரையோரம் முழங்கால் ஆழத்தில் கிடத்துங்கள். உள்ளே போன கெண்டைப்பொடி வெளியே வரும் வழி தெரியாமல் சுற்றும். நன்னீர்ப் பொடி இறாலுக்குக் கொசுவலைத் துணியை இரண்டு குச்சியில் கட்டி, வேலம்பாசிக்கு அடியில் விட்டுத் தூக்க வேண்டும். பாசியை உதறினால் கண்ணாடியாகத் துள்ளும். உளுவைக்கும் கெளுத்திக்கும் இதைவிட நல்ல இரை எனக்குத் தெரியவில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பினால் விளக்கடியில் ஒரு டப்பா நிறையப் பிடித்துவையுங்கள். மறுநாள் கரையோரம் கெண்டைப்பொடிக்கும் பனையேறிக் கெண்டைக்கும் அதை மிதக்கவிடலாம். மாமரத்து முசுறுக் கூட்டின் முட்டையை மாவில் கலப்பது வங்காளத்தில் ரோகு பிடிக்கிறவர்களின் பெரிய நம்பிக்கை. வேலை செய்யும்தான், கூட்டைக் கலைத்து வாங்கும் கடிக்கு அது ஈடாகுமா என்பது உங்கள் தோலைப் பொறுத்தது.

கோழிக்குடலும் ஈரலும் கெளுத்தி வகைக்கு நன்றாகப் போகும். ஈரல் முள்ளில் நிற்காது, தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். வெயிலில் அழுகவிட்டு நாற்றம் ஏற்றினால்தான் வரும் என்பது தவறு, புதிதிலேயே வரும். கெளுத்தியைக் கழற்றும்போது அதன் பக்கத் துடுப்பில் உள்ள முள்ளைக் கவனியுங்கள். தேளி என்றால் இன்னும் கவனம், அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

டெல்டாவில் இரை மாறுவது மேட்டூரைப் பொறுத்தும் இருக்கிறது. வழக்கப்படி அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும், மழையைப் பொறுத்து முன்னே பின்னே போகும். புதுத்தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கி வரும் நாட்களில் நிறமோ பளபளப்போ பயன்படாது. புழு, இறால், ஈரல் என்று சாறுள்ள இரையைக் கரையோரத் தேக்கத்தில் போடுங்கள். தண்ணீர் தெளிந்தபின் மாவுக்கும் பூச்சிக்கும் காலம். ஆற்றை அடைத்தபிறகு மதகடி மடுக்களில் மீன் ஒதுங்கும், அப்போது எந்த இரையும் கெட்டிக்கார இரையாகத் தெரியும்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெருங்காயம், ஏலக்காய், வெனிலா எசன்ஸ்: போட்ட நாளில் பிடித்தவர்கள் போடாத நாளில் பக்கத்திலேயே இன்னொரு தூண்டிலைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்ததாக நான் கண்டதில்லை. போடுவதால் கெடுதலும் இல்லை. அமாவாசை, பௌர்ணமிக்கு ஆற்று மீன் கடிப்பது மாறும் என்பதும் அதே கணக்கு. முள்ளில் கோத்த இரையில் எச்சில் துப்பிப் போடுவது என் அப்பா காலத்துப் பழக்கம், நானும் துப்புகிறேன், காரணம் கேட்காதீர்கள். பெட்ரோல், சோப்பு, புகையிலை பட்ட கையோடு இரையைத் தொடக்கூடாது என்பதை மட்டும் நான் நம்புகிறேன். சுவை பார்த்துத் துப்பும் மீனிடம் அது பலிக்காது என்பது நியாயமாகவே படுகிறது. கரை மண்ணைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

போடும் முன் அனுமதி. ஊர்க்குளங்கள் பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டவை. அதில் இருப்புச் செய்த மீன் குத்தகைக்காரருடையது. கேட்டால் பலர் ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், அவருக்கும் அவை வேண்டாத மீன்கள். பவானிசாகர், சாத்தனூர், ஆழியாறு, அமராவதி போன்ற அணைகள் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை, அங்கே போனால் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மீந்த உயிர் இரையை வேறு தண்ணீரில் கொட்டாதீர்கள். ஒரு குளத்தில் பிடித்த குஞ்சை இன்னொரு குளத்தில் விடுவதால்தான் வேண்டாத இனங்கள் ஊர் ஊராகப் பரவுகின்றன. பாட்டிலில் மாட்டிய குஞ்சுகளுக்கு நடுவே ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு இருந்தால் உங்களால் அடையாளம் காண முடியாது. வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது. மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் கொட்டிய டேங்க் கிளீனர் மீனும் இப்படித்தான் பெருகியது. குஞ்சுகளைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள். மீந்த மாவைக் கோழிக்குப் போடலாம், புழுவை வாழையடியில் விட்டால் அடுத்த வாரம் அங்கேயே தோண்டி எடுத்துக்கொள்ளலாம்.